யானைப் பாதையில் விவியன் லீ

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1954ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலப் படம் ஒன்று 'எலிபன்ற் வோக்'. 'யானைப் பாதை' என்று தமிழில் சொல்லலாம். கதை நடப்பது எங்கள் இலங்கையின் மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். கதாநாயகி எலிசபெத் ரெய்லர். பெயர்ப் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தைக் கவனமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு விசித்திரம் தென்படும். கதாநாயகியின் முகம் அருகில் தெரிகின்ற காட்சிகளில் எல்லாம் ரெய்லர் இருக்கிறார். இலங்கையின் மண்ணும் மலையும் பின்னால் விரிய, அவள் தூரத்திலே ஒரு சிறு உருவமாகத் தெரிகின்ற சில காட்சிகளில் இருப்பவர் ரெய்லர் அல்லர். ரெய்லர் இந்தப் படத்துக்காக இலங்கைக்கு வரவேயில்லை. அந்தத் தூரத்து உருவம் விவியன் லீ.

இரண்டு முறை ஒஸ்கார் பரிசு பெற்ற நடிகை, தாம் நடிக்க வந்த படத்தில் முகம் இல்லாத ஓர் உருவமாக மட்டும் எஞ்சி நின்றது ஏன்? இலக்கிய நிகழ்ச்சியிலே சினிமா நடிகையைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். விவியன் லீ ஷேக்ஸ்பியரையும் பேர்னாட் ஷோவையும் ரென்னஸி வில்லியம்ஸையும் வாயிலும் மனத்திலும் சுமந்து வாழ்ந்த ஒருவர். அவரது கதையில் எங்கள் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு மகிழ்ச்சியானதல்ல. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஆங்கில நடிகை என்று உலகம் கொண்டாடிய இவர் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல. இமயத்தின் அடிவாரத்திலே, தேயிலைக்குப் பேர்போன டார்ஜிலிங்கில், 1913ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் திகதி பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் விவியன் மேரி ஹார்ட்லி. தந்தை கல்கத்தாவில் தரகுத் தொழில் செய்தவர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் அவர் குதிரைப்படை அதிகாரியாகப் பெங்களூருக்கு மாற்றப்பட்டார். தாயும் குழந்தையும் உதகமண்டலத்தில் தங்கியிருந்தார்கள். ஆம், எங்கள் தமிழகத்து நீலகிரியில்தான். தாயாரின் பொழுதுபோக்கு நாடகக் குழுவுக்காக மூன்று வயதிலே மேடையேறி, ஒரு குழந்தைப் பாட்டை ஒப்புவித்திருக்கிறார் இந்தச் சிறுமி. பின்னாளில் உலகத்தை வசீகரித்த ஒரு குரல் முதல் முதல் மேடையிலே கேட்டது இந்திய மண்ணில் என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருகின்ற செய்தி.

ஆறு வயதிலே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, கன்னியர் மடப் பாடசாலை ஒன்றில் சேர்க்கப்பட்டார். ஆறு வயதுக் குழந்தையை விடுதியிலே விட்டுவிட்டுப் பெற்றோர் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்புவது அக்காலத்து ஆங்கிலேயரிடையே சாதாரண வழக்கம். சாதாரண வழக்கம் என்பதால் குழந்தைக்கு நோகாது என்று சொல்ல முடியுமா? பெரிய நடிகையாக வருவேன் என்று கூடப் படித்த சிறுமியிடம் அங்கே வைத்துத்தான் சொன்னாராம். அந்தச் சிறுமி மொரீன் ஓ'சலிவன். அவரும் பின்னர் ஹொலிவூட்டில் டார்ஸான் படங்களின் நாயகியானார்.

லண்டனில் நாடகக் கலைக் கழகத்தில் பயின்றுகொண்டிருக்கையில், 1932இல், தம்மைவிட வயதில் மூத்த சட்டத்தரணி ஒருவரை மணந்தார். அடுத்த ஆண்டு ஒரு மகள். கணவரின் பெயரில் நடுவில் இருந்த 'லீ' என்ற சொல்லை எடுத்துத் தம் மேடைப் பெயரோடு சேர்த்துக்கொண்டார். மணவாழ்வு நிலைக்கவில்லை, பெயர் நிலைத்தது. 1935இல் ஒரு நாடகத்தின் மூலம் ஒரே இரவில் லண்டன் முழுவதும் பேசப்படும் நடிகையானார். அடுத்துச் சில ஆண்டுகளில் லோறன்ஸ் ஒலிவியரோடு காதல். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் அந்த நூற்றாண்டின் முதல் வரிசை நடிகர் ஒலிவியர். இருவரும் தத்தம் மணவாழ்வுகளை முறித்துக்கொண்டு 1940இல் மணம் புரிந்தார்கள்.

'கோன் வித் த விண்ட்' படத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் ரீகல் தியேட்டரில் ஆங்கிலப் படம் பார்த்த தலைமுறைக்கு ஸ்கார்லெட் ஓ'ஹாரா அறிமுகமானவள். மார்கரெட் மிச்சல் 1936இல் எழுதிய பெரும் நாவல் அது. கதாநாயகி வேடத்துக்காக அமெரிக்கா முழுவதும் தேடினார்கள். கடைசியில், படப்பிடிப்புத் தொடங்கி அற்லான்ரா நகரம் எரிகின்ற காட்சியைப் படமாக்கிக்கொண்டிருந்த வேளையில், தயாரிப்பாளர் முன்னே கொண்டுவந்து நிறுத்தப்பட்டார் இந்த ஆங்கிலப் பெண். 1939 டிசெம்பரில் படம் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஒஸ்கார். இருபத்தாறு வயது.

ஒன்றை மட்டும் இடையிலே சொல்லிவிடுகிறேன். அடிமைமுறையை ஒரு பொற்காலம்போலக் காட்டுகின்ற படம் அது. அதே படத்துக்காகத் துணை நடிகைக்கான ஒஸ்காரைப் பெற்ற ஹற்றி மக்டானியல் என்ற கறுப்பினப் பெண்மணி, அற்லான்ராவில் நடந்த முதற் காட்சிக்குப் போக முடியவில்லை. அங்கே இருந்த நிறப் பாகுபாட்டுச் சட்டங்கள் அப்படி. பழைய படங்களைப் புகழ்கின்றபோது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

புகழ் வந்த வேகத்திலேயே நோயும் வந்தது. 1944இல் காசநோய் இருப்பது கண்டறியப்பட்டது. 'சீசரும் கிளியோபாத்ராவும்' படப்பிடிப்பில் விழுந்து கருச்சிதைவும் ஏற்பட்டது. அதன்பின் வந்த மனச்சோர்வு கடுமையானது. உண்மையில் அதற்கு முன்பே, முப்பதுகளின் பிற்பகுதியிலேயே, காரணமில்லாத சீற்றமும் அதன்பின் எதுவும் நினைவில் இல்லாத வெறுமையுமாக அறிகுறிகள் தலைகாட்டியிருந்தன. சில நாட்கள் உறக்கமே இல்லாத உற்சாகம். விடியும்வரை விருந்து, பேச்சு, சிரிப்பு. பிறகு எழும்ப முடியாத இருள். தெளிவு வந்ததும், தாம் நோகடித்தவர்களிடம் வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்பார். மருத்துவர்கள் அக்காலத்தில் இதற்கு இட்ட பெயர் பித்து-மனச்சோர்வு நோய். இன்று இருமுனை மனநோய் என்கிறார்கள்.

இந்தப் பின்னணியோடுதான் 'ஸ்ரீற் கார் நேம்ட் டிசையர்' நாடகத்துக்கு வரவேண்டும்.

ரென்னஸி வில்லியம்ஸ் அமெரிக்க நாடகாசிரியர். எங்களுக்கு அந்நியர் அல்லர். அவரது 'கிளாஸ் மெனாஜரி' நாடகம் 'கண்ணாடி வார்ப்புகள்' என்ற பெயரில் எழுபதுகளின் இறுதியில் க. பாலேந்திராவின் நெறியாள்கையில் அவைக்காற்றுக் கலைக் கழகத்தினரால் மேடையேற்றப்பட்டதை எங்கள் நாடக இரசிகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கண்ணாடிப் பொம்மைகளோடு வாழ்கின்ற, உலகத்தோடு பேசப் பயந்த அந்த லோறா என்ற பெண், வில்லியம்ஸின் சொந்தச் சகோதரி றோஸின் நிழல். றோஸ் மனநோயால் பாதிக்கப்பட்டவர். 1943இல் அவரது மூளையின் முற்பகுதி நரம்புத் தொடர்புகளைத் துண்டிக்கின்ற சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அதன்பின் அவர் தம் வாழ்நாள் முழுவதும் பராமரிப்பு இல்லங்களிலேயே இருந்தார். தம்பிக்கு அந்தக் காயம் ஆறவேயில்லை. அவரது நாடகங்களில் திரும்பத் திரும்ப வருகின்ற, உடையப்போகின்ற பெண்கள் எல்லாரும் அந்தக் காயத்திலிருந்து வந்தவர்கள் என்றே நான் நினைக்கிறேன்.

அவர்களில் மிகப் பெரியவள் 'ஸ்ரீற் கார்' நாடகத்து பிளாஞ்ச். ஆங்கில ஆசிரியை. குடும்பத்துப் பெரிய வீடும் காணியும் கடனிலே போய்விட, ஒரு பெட்டியோடு நியூ ஓர்லியன்ஸ் நகரத்துக்குத் தங்கையின் இரண்டு அறை வீட்டுக்கு வந்து சேருகிறாள். தங்கையின் கணவன் ஸ்ரான்லி முரடன். வெளிச்சத்தில் முகம் காட்டப் பயந்து மின்குமிழுக்குக் கடதாசிக் கூடு மாட்டுகின்ற பிளாஞ்ச், பொய்களைச் சுற்றி வாழ்கிறாள். அவளுடைய பொய்கள் அவன் கையில் ஒவ்வொன்றாகக் கிழிகின்றன. இறுதியில் ஒரு வைத்தியரும் தாதியும் வந்து அவளை அழைத்துப்போகிறார்கள். தென்னிலங்கையிலும் அறுபதுகளில் தம்ம ஜாகொட இதை 'வெஸ் முஹுணு' என்று சிங்களத்தில் தழுவி மேடையேற்றினார். முகமூடிகள் என்று பொருள். பொருத்தமான பெயர்.

1949 ஒக்ரோபரில் லண்டன் மேடையில் ஒலிவியரின் நெறியாள்கையில் பிளாஞ்சாக நடித்தார் லீ. 326 காட்சிகள். யோசித்துப் பாருங்கள், நேயர்களே. எட்டு மாதங்களுக்கு மேலாக, ஒவ்வோர் இரவும், ஒரு மனம் உடைந்து சிதறுவதை உள்ளிருந்து நடித்துக் காட்டவேண்டும். திரை விழுந்ததும் வீட்டுக்குப் போய் உறங்கவேண்டும். மறுநாள் திரும்பவும். அது முடிந்த கையோடு ஹொலிவூட் சென்று எலியா கசானின் நெறியாள்கையில், மார்லன் பிராண்டோவோடு, அதே வேடத்தைப் படத்துக்காக நடித்தார். 1951இல் படம் வெளிவந்தது. இரண்டாவது ஒஸ்கார்.

பிளாஞ்ச்தான் தம்மைப் பித்துக்குள் தள்ளினாள் என்ற பொருள்பட லீ பிற்காலத்தில் சொன்னதாக அவரது வரலாற்றை எழுதியவர்கள் பலர் குறித்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்தமான கதை அது. கலைக்காகத் தன்னையே பலி கொடுத்த நடிகை என்று எழுதுவது எவ்வளவு வசதி! எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நோய் பிளாஞ்சுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முந்தியது. பிளாஞ்சாக நடித்தது சுமையைக் கூட்டியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மனநோயைக் கலைக்குக் கொடுக்கின்ற விலை என்று பேசுவது, அதை முற்பிறப்பு வினை என்று பேசுவதற்கு ஏறக்குறைய ஒப்பானது. இரண்டிலும் நோயாளிக்கு வைத்தியம் கிடைப்பதில்லை.

இனி இலங்கைக்கு வருவோம்.

றொபேட் ஸ்ராண்டிஷ் என்ற பெயரில் 1948இல் வெளிவந்த ஒரு நாவல்தான் 'எலிபன்ற் வோக்' படத்துக்கு மூலம். தோட்டத்துரை ஒருவன் இங்கிலாந்திலிருந்து புது மனைவியை அழைத்துவருகிறான். அவனது இறந்துபோன தகப்பன், யானைகள் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீருக்குப் போய்வந்த பாதையை மறித்து மாளிகைபோல ஒரு பங்களாவைக் கட்டியிருக்கிறான். யானைகள் மறப்பதில்லை. வீட்டிலோ இறந்தவனின் ஆட்சியே இன்னும் நடக்கிறது. வாந்திபேதி பரவுகிறது. இறுதியில் யானைக் கூட்டம் மதிலை உடைத்துக்கொண்டு வந்து பங்களாவைத் துவம்சம் செய்கிறது.

யானைப் பாதையை மறித்து வீடு கட்டியவனின் கதை என்று பார்த்தால், குடியேற்றவாதத்தைப் பற்றிய நல்லதோர் உருவகம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. ஆனால் படம் எடுத்தவர்களுக்கு அந்த நினைப்பு இருந்ததாகத் தெரியவில்லை. தோட்டத் தொழிலாளர்கள் கொழுந்து பறிக்கிறார்கள், நோயில் விழுகிறார்கள், கூட்டமாக ஓடுகிறார்கள். அவ்வளவுதான். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டுச் சட்டங்களாலும் அந்த மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களாக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. கமராவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் காட்டியிருக்காது.

படத்தை எடுத்தது பரமவுண்ட் நிறுவனம். நெறியாளர் வில்லியம் டீற்றர்லே. கணவன் வேடத்துக்கு முதலில் ஒலிவியரையே கேட்டார்கள். அவர் வேறொரு படத்தில் மூழ்கியிருந்தார். அந்த இடத்துக்கு வந்தவர் பீற்றர் பின்ச். சில ஆண்டுகளுக்கு முன் அவுஸ்திரேலியாவிலே ஒலிவியர் தம்பதியரே கண்டெடுத்து லண்டனுக்கு வரத் தூண்டிய நடிகர் அவர். லீக்கும் அவருக்கும் இடையில் காதல் உறவும் இருந்தது. இதை மறைப்பதற்கில்லை, இப்போது எல்லாரும் அறிந்த செய்தி.

1953ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லீ இலங்கைக்கு வந்தார். குழந்தைப் பருவத்தில் விட்டுப்போன வெயிலும் தேயிலைச் சரிவும் முப்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கண்முன்னே. அது அவர் மனத்தில் எதை எழுப்பியதோ, ஊகிப்பதில் பயனில்லை. நடந்ததைச் சொல்கிறேன். உறக்கம் போய்விட்டது. இரவுகளில் அலைந்தார். இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்தன. பின்ச்சைப் பார்த்து 'லறி' என்று கணவரின் செல்லப் பெயர் சொல்லி அழைத்தார். வசனங்கள் நினைவில் நிற்கவில்லை. எந்த வசனத்தையும் எளிதில் மனனம் செய்பவர் என்று பெயரெடுத்த ஒருவருக்கு அது எத்தகைய பயங்கரமாக இருந்திருக்கும்! தயாரிப்பாளர் ஒலிவியரை அழைத்தார். அவர் பறந்துவந்து பார்த்தார். தம்மால் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்று கண்டு திரும்பிப் போனார்.

இலங்கையில் எடுக்கவேண்டிய வெளிப்புறக் காட்சிகள் எப்படியோ முடிந்தன. ஹொலிவூட்டுக்குப் போகின்ற நீண்ட விமானப் பயணத்தில் நிலைமை முற்றியது. அங்கே சேர்ந்த சில நாட்களில் முற்றாக உடைந்துபோனார். பிளாஞ்சின் வசனங்களைத் தம் சொந்தப் பேச்சுப்போலப் பேசினார் என்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்து, படுக்கையில் வைத்தே மார்ச் மாதம் விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். விமான நிலையங்களில் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் காத்திருந்தார்கள். பிளாஞ்சை அழைத்துப்போக வைத்தியரும் தாதியும் வந்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? அந்தக் காட்சியிலாவது பார்வையாளர்கள் இருட்டிலே மௌனமாக இருந்தார்கள்.

பரமவுண்ட் நிறுவனம் நேரம் கடத்தவில்லை. இருபத்தொரு வயது எலிசபெத் ரெய்லரை அமர்த்தி, ஹொலிவூட் அரங்கத்துக்குள்ளேயே மீதியை எடுத்து முடித்தது. தூரத்துக் காட்சிகளைத் திரும்ப எடுக்கச் செலவு அதிகம். முகம் தெரியாதபடியால் அவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள்.

இங்கிலாந்தில் மனநல மருத்துவமனையில் நீண்ட உறக்கச் சிகிச்சை அளித்தார்கள். பின்னர் பலமுறை மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் பெற்றார். அக்காலத்தில் வேறு வழி அதிகம் இல்லை. அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட், லிதியம் என்ற எளிய உப்பு இந்த நோயின் சீற்றத்தைத் தணிக்கிறது என்று 1949இலேயே எழுதிவிட்டார். ஆனால் அது பரவலான பாவனைக்கு வர அறுபதுகளின் பிற்பகுதியும் எழுபதுகளும் ஆகின. அதற்குள் லீயின் காலம் முடிந்துவிட்டது.

நேயர்களே, எங்கள் ஊரில் இதற்கெல்லாம் ஒரே சொல்தான் இருந்தது: விசர். விளையாட்டுக்கும் சொல்வோம், வசைக்கும் சொல்வோம், நோய்க்கும் அதையேதான் சொல்வோம். மூன்றுக்கும் ஒரே சொல் என்பதிலேயே எங்கள் பார்வை தெரிகிறது.

எனக்குப் பெரியம்மா முறையான ஒருவர் இருந்தார். தையல் ஆசிரியை. கெட்டிக்காரி. எழுபதுகளின் தொடக்கம் என்று நினைவு. ஒரு மாரி காலத்தில் அவர் உறங்குவதை நிறுத்திவிட்டார். இரவு இரண்டு மணிக்கு முற்றம் கூட்டுவார். விடியுமுன்னே பெரிய தாச்சியிலே புட்டவித்து ஒழுங்கையில் போகிறவர்களை எல்லாம் மறித்து, "பிள்ளை, சாப்பிட்டிட்டுப் போ" என்பார். நாங்கள் சிறுவர்கள். எங்களுக்கு அது கொண்டாட்டம். ஊராருக்கும் முதலில் சிரிப்புத்தான். கடைக்காரர் கடன் சொல்லி வந்தபோதுதான் வீட்டார் விழித்தார்கள். அதன்பின் மூன்று மாதம் அறையை விட்டு வெளியே வரவில்லை. கோயிலில் நேர்த்தி வைத்தார்கள், நூல் கட்டினார்கள், செய்வினை என்று ஒருவர் வந்து வளவைத் தோண்டினார். கடைசியில் கொழும்புக்குக் கொண்டுபோய் வைத்தியம் செய்வித்தார்கள். வைத்தியர்கள் நல்லவர்கள். அவர் தேறி வந்தார். மாத்திரையோடு இன்னும் இருபது ஆண்டுகள் நல்லபடி வாழ்ந்தார்.

ஆனால் பாடசாலைக்குத் திரும்ப அவர் எடுத்த முயற்சி பலிக்கவில்லை. எங்கள் ஒழுங்கையிலே அவருக்கு ஒரு பட்டப் பெயரும் வந்துவிட்டது. அதை இங்கே சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவருடைய தையல் பொறி விறாந்தையில் துணி மூடியபடி இருந்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் தைத்த சட்டை போட்டுக்கொண்டு நானும் அந்தப் பட்டப் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு போர் வந்தது. உறக்கம் கெட்டவர்களும் பேச்சிழந்தவர்களும் ஒவ்வொரு குறிச்சியிலும் பெருகினார்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் தெல்லிப்பழையிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து செய்த பணியால், அவர் தமிழில் எழுதிய 'மனவடு' போன்ற நூல்களால், மனமும் உடலைப்போலக் காயப்படும், உடலைப்போல ஆறும் என்ற எண்ணம் எங்களிடையே மெல்ல ஊன்றியது. முழுவதும் ஊன்றிவிட்டது என்று சொல்லமாட்டேன். கலியாணப் பேச்சு நடக்கின்ற வீட்டிலே போய்க் கேட்டுப் பாருங்கள்.

விவியன் லீயிடம் திரும்புகிறேன். என்னை வியக்கவைப்பது அவர் உடைந்தது அல்ல. உடைந்த பின் அவர் செய்தது.

மார்ச்சில் படுக்கையில் வைத்துக் கொண்டுபோகப்பட்ட பெண், அதே 1953 நவம்பர் 5ஆம் திகதி, தம் 40ஆவது பிறந்தநாளன்று, லண்டன் மேடையில் ரெறன்ஸ் ரற்றிகனின் 'உறங்கும் இளவரசன்' நாடகத்தில் கதாநாயகியாக நின்றார். எட்டே மாதங்கள். எல்லாப் பத்திரிகையும் அவரது நோயை எழுதித் தீர்த்திருந்தன. அரங்கில் அமர்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். அவருக்கும் அது தெரியும். எங்கள் பெரியம்மாவால் ஒழுங்கைக் கடையடிக்குப் போகவே முடியாமல் இருந்ததை நினைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

1955இல் ஸ்ராட்போர்ட்டில் லேடி மக்பெத். கென்னத் ரைனன் என்ற விமர்சகர், ஒலிவியரை உயர்த்துவதற்காகவே இவரைத் தாழ்த்தி எழுதுபவர்போலத் தொடர்ந்து கடுமையாக எழுதினார். லீ அவற்றை நம்பினார் என்பதுதான் துயரம். 1957இல் லண்டனில் பழைமைவாய்ந்த செயின்ற் ஜேம்ஸ் நாடக அரங்கை இடிக்கப் போகிறார்கள் என்று அறிந்து, பிரபுக்கள் சபையின் பார்வையாளர் பகுதியில் எழுந்து நின்று உரத்த குரலில் எதிர்ப்புத் தெரிவித்தார். காவலர்கள் வெளியேற்றினார்கள். அரங்கை இடித்தேவிட்டார்கள். ஆனாலும் அந்தச் செய்தியைப் படிக்கும்போது எனக்கு அவர்மேல் ஒரு தனி மரியாதை வரும். அதுவும் நோயின் வேகம்தான் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண் உரத்துப் பேசினால் அதற்கும் நோய் என்றுதானே பெயர்!

1960இல் ஒலிவியரோடு மணமுறிவு. 1963இல் நியூயோர்க்கில் இசை நாடகம் ஒன்றில் பாடி ஆடி ரோனி விருது பெற்றார். 1965இல் 'ஷிப் ஒவ் பூல்ஸ்' கடைசிப் படம். கதறீன் ஆன் போட்டரின் நாவல் அது. வயது போகின்ற, தனித்துவிட்ட பெண்ணாக அதில் வருகிறார். அழகைக் காப்பாற்ற முயலாமல் நடித்த அந்த முகத்தை, ஸ்கார்லெட்டின் முகத்தைவிட நான் மதிக்கிறேன்.

1967 மே மாதத்தில் பழைய காசநோய் மீண்டும் தலைதூக்கியது. அப்போதும் ஒரு புதிய நாடகத்துக்கு வசனம் பாடமாக்கிக்கொண்டிருந்தார். ஜூலை 8ஆம் திகதி அதிகாலையில் உயிர் பிரிந்தது. 53 வயது. அன்றிரவு லண்டன் நாடக அரங்குகளின் வெளிவிளக்குகள் அவருக்காக அணைக்கப்பட்டன.

ஒலிவியர் 1982இல் தம் தன்வரலாற்றை வெளியிட்டபோது, மனைவியின் நோயைப் பெயர் சொல்லியே எழுதினார். சிலர் அதைக் குறை கூறினார்கள். இறந்த பெண்ணின் இரகசியத்தை ஏன் அவிழ்க்கவேண்டும் என்றார்கள். அவர் எழுதிய தொனியில் எனக்கும் சில மனத்தாங்கல்கள் உண்டு. தம் துன்பத்தைச் சற்று அதிகமாகவே எழுதிவிட்டார். ஆனால் நோய்க்குப் பெயர் சொன்னது பிழையென்று நான் நினைக்கவில்லை.

'எலிபன்ற் வோக்' இப்போது எளிதில் பார்க்கக் கிடைக்கின்ற படம். பெரிய படைப்பு அல்ல. ஆனாலும் ஒருமுறை பாருங்கள். ரெய்லர் அழகாக இருப்பார், யானைகள் அட்டகாசமாக இருக்கும். இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, கமரா விலகிப் போய், மலைச்சரிவும் வெயிலும் திரையை நிறைக்கின்ற இடங்களில் சற்றுக் கவனியுங்கள். அந்தப் பெண் கணவனுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். சில அடி நடக்கிறாள். முதுகு நிமிர்ந்துதான் இருக்கிறது. அதற்கு முந்திய இரவு அவள் உறங்கியிருக்கமாட்டாள்.